பாட்டுக்கென்று ஒரு கணினி: வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கே போனாலும் இப்போது வீட்டு அறையிலேயே பாட்டு அமைக்கிற பிள்ளைகளைக் காணலாம். கோவில் திருவிழாப் பாட்டு, தேவாலயப் பாட்டு, குறும்பட இசை, பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் பின்னணி இசை என்று வேலையும் வருகிறது. அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கிற பதில்களோ ஏசி அறையில், கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்களுக்காக எழுதியவை. நம்முடைய வெக்கை, தூசி, இடி, மின்வெட்டு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே கணினி இருக்கிறது. பாட்டுக்கென்று தனியாக எதற்கு?

ஒலிப்பதிவில் கணினிக்குக் கிடைக்கிற நேரம் மிகச் சிறியது. சில மில்லிசெகனுக்குள் அடுத்த துண்டு ஒலியைத் தயார் செய்து கொடுத்தே ஆகவேண்டும். அந்த நேரத்தில் வேறு ஏதாவது மென்பொருள் குறுக்கே வந்தால் “டிக்” என்று ஒரு சத்தம் பதிவில் விழும். வீட்டுக் கணினியில் தம்பி விளையாடுவான், அக்கா ஒன்லைன் வகுப்பில் இருப்பா, யாரோ படம் இறக்குவார்கள். ஒவ்வொருவரும் ஏதாவது நிறுவிவிட்டுப் போவார்கள். நேற்று ஒழுங்காக ஓடிய புரொஜெக்ட் இன்றைக்கு ஏன் திணறுகிறது என்று தேடியே அரை நாள் போய்விடும்.

புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. இருக்கிற இரண்டில் பழையதைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இசை மென்பொருளை மட்டும் ஏற்றினாலே அது இசைக் கணினிதான். வேறு வேலை செய்யாத பழைய மெஷின், எல்லாவற்றையும் சுமக்கிற புது மெஷினை விட நம்பகமாக ஓடும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

லப்டொப்பா, டெஸ்க்டொப்பா?

ஒரே காசுக்கு டெஸ்க்டொப்தான் கூட வேலை செய்யும். வெக்கையைத் தாங்கும், ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். அறைக்குள்ளேயே இருந்து இசை அமைப்பவர் டெஸ்க்டொப் எடுங்கள்.

ஆனால் நம்முடைய பக்கத்தில் லப்டொப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது. கரண்ட் போனாலும் பதிவு அறாது. இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொடரலாம். முக்கியமாக, பாடுகிறவர் இருக்கிற இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். கூத்துப் பாடுகிற ஐயாவை ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏற்றி ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுவதை விட, அவருடைய முற்றத்துக்கு நாம் போவதுதான் முறை. வெளியில் போய்ப் பதிகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் லப்டொப் வாங்குங்கள்.

பாவித்த மெஷின் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி டெஸ்க்டொப்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை உறுதியாகச் செய்யப்பட்டவை, சத்தமும் குறைவு.

புரோசசரில் கோர் எத்தனை என்பதை விட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதைப் பாருங்கள். ஒரு ட்ராக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிற எஃபெக்டுகளை மென்பொருள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடவைக்கும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ எடுங்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் இணைக்காமல் வைத்திருக்கிற இசைக் கணினியில் விண்டோஸ் 10 இன்னும் சில காலம் ஓடலாம், அது வேறு கதை.

கடையிலேயே மெஷினை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபான் அலறுகிறதா, சூடு ஏறியதும் வேகம் விழுகிறதா என்று தெரிந்துவிடும். லப்டொப் என்றால் பற்றரி, யூஎஸ்பி துளைகள் இரண்டையும் கட்டாயம் சோதியுங்கள். ஆடுகிற யூஎஸ்பி துளை இசை வேலைக்கு ஆகாது.

ரேம் எவ்வளவு? டிஸ்க் எது?

16 ஜிபி ரேம் போதும். வயலின் குழு, பியானோ போன்ற பெரிய சாம்பிள் தொகுப்புகளை (உண்மையான வாத்தியங்களின் பதிவுத் துண்டுகள்) நிறையப் பாவிப்பவருக்கு 32. டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள். சாட்டா எஸ்எஸ்டி செகனுக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் வாசிக்கும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் 100, 150 தான். என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி இன்னும் பல மடங்கு வேகம் என்றாலும் ஒலிப்பதிவுக்கு சாட்டாவே தாராளம். முடிந்தால் விண்டோஸுக்கு ஒன்று, புரொஜெக்டுகளுக்கும் சாம்பிள்களுக்கும் ஒன்று என்று இரண்டு வையுங்கள். விண்டோஸ் கெட்டு மறுபடி போட வேண்டி வந்தால் உங்கள் வேலை பத்திரமாக மற்றதில் இருக்கும்.

ஓடியோ இன்டர்பேஸ் கட்டாயமா? மிக்ஸரில் யூஎஸ்பி இருக்கிறதே?

ஓடியோ இன்டர்பேஸ் என்பது மைக்கின் ஒலியைக் கணினிக்குள்ளும், கணினியின் ஒலியை ஹெட்போனுக்கும் கொண்டுபோகிற பெட்டி. குரலோ வாத்தியமோ பதிவதென்றால் கட்டாயம். கணினியில் இருக்கிற மைக் துளை வீடியோ அழைப்புக்குச் செய்தது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போல இரண்டு மைக் செருகக்கூடிய சின்ன இன்டர்பேஸ் ஒன்றே பெரும்பாலானோருக்குப் போதும். கண்டென்சர் மைக்குக்கு (கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்கிற, நுண்ணிய ஒலியையும் பிடிக்கிற மைக்) வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே கொடுக்கும். யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கிற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெளியில் போகும்போது அதற்கென்று பிளக் தேடத் தேவையில்லை.

சவுண்ட் சேர்விஸ்காரர் வைத்திருக்கிற யூஎஸ்பி மிக்ஸர்கள் பலவற்றில், எட்டு மைக் செருகினாலும் கணினிக்கு வருவது கலந்து முடிந்த இரண்டு சனல்கள்தான். தவில் கூடிவிட்டது, குரல் குறைந்துவிட்டது என்று பிறகு திருத்தவே முடியாது. வாங்குமுன் ஒவ்வொரு சனலும் தனித்தனியாகக் கணினிக்குப் போகுமா என்று கேளுங்கள்.

மைக் பற்றியும் ஒரு சொல். தகரக் கூரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் விலை கூடிய கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியையும் ரோட்டில் போகிற லொறியையும் சேர்த்தே பிடிக்கும். ஷூர் எஸ்எம் 58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் குரல் சுத்தமாக வரும்.

எந்த மென்பொருள்?

கையில் எது பழக்கமோ அது. கியூபேஸ் 1989இலிருந்து இருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோ பீட் அடிப்பவர்களுக்குப் பிடிக்கும், ஒருமுறை வாங்கினால் பிறகு வருகிற பதிப்புகள் இலவசம். அதன் சோதனைப் பதிப்பில் சேவ் பண்ணலாம், ஆனால் வாங்கும்வரை சேவ் பண்ணிய புரொஜெக்டைத் திரும்பத் திறக்க முடியாது. தொடங்குகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனிப்பட்ட பாவனைக்கும் சிறு தொழிலுக்கும் லைசன்ஸ் 60 டொலர். இறக்கவேண்டிய கோப்பு மிகச் சிறியது, போன் டேட்டாவிலேயே இறக்கலாம். பழைய மெஷினிலும் இலகுவாக ஓடும். லைசன்ஸ் ஒரு சின்னக் கோப்பாக வருவதால், கணினியை இணையத்தில் இணைக்காமலே வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி.

கிராக் பண்ணியதைப் போட்டால் என்ன?

போடாதீர்கள். செய்தவரின் உழைப்பைத் திருடுகிறோம் என்பது முதல் காரணம். நம்முடைய பாட்டை யாரோ யூடியூப்பில் தங்கள் பெயரில் ஏற்றினால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான். இரண்டாவது, கிராக்கோடு வருகிற கோப்புகள் பின்னணியில் என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிய மெஷினுக்குள் நாமே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து இருத்துவது எதற்கு? சேர்ஜ், வைட்டல், ஸ்பிட்ஃபயர் லாப்ஸ் என்று முறையாக இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் வாத்தியங்களே ஒரு ஆல்பம் முழுவதும் செய்யப் போதும்.

விண்டோஸில் எவற்றை மாற்ற வேண்டும்?

நிறைய இல்லை. பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸுக்கு மாற்றுங்கள். ஸ்லீப், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் இரண்டையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பதிவின் நடுவில் இன்டர்பேஸைத் தூங்கவைத்துவிடும். கணினி தொடங்கும்போது தானாகத் திறக்கிறவற்றையும், ஒன்ட்ரைவையும், அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸின் சொந்தச் சத்தங்கள் கணினியின் ஸ்பீக்கருக்கே போகட்டும், இன்டர்பேஸை இசை மென்பொருளுக்கு மட்டும் விட்டுவையுங்கள். சாம்பிள், புரொஜெக்ட் ஃபோல்டர்களை வைரஸ் காவலின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்குங்கள்.

இதெல்லாம் முடிந்து, மென்பொருளும் பிளக்இன்களும் (இசை மென்பொருளுக்குள் சேர்க்கிற வாத்தியங்கள், எஃபெக்டுகள்) ஏற்றி, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று கண்டதும் அந்த விண்டோஸ் டிஸ்கை அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வெளி டிஸ்கில் வையுங்கள். பழுது வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வரலாம். திருத்துகிற கடை தூரத்தில் இருக்கிற நமக்கு இது மிகவும் தேவை.

பாடும்போது ஹெட்போனில் என்னுடைய குரல் பிந்திக் கேட்கிறது. மெஷின் காணாதா?

மெஷின் காணும். இது பஃபரால் வருவது. கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் வாங்கிக் கையாளும். அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹேர்ட்ஸில் (ஒலியைச் செகனுக்கு 48,000 தடவை அளப்பது) பஃபரை 1024 என்று வைத்தால் உள்ளே வருவதற்கு மட்டும் 21 மில்லிசெகன், வெளியே போவதற்கு இன்னொரு 21. 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7தான். இன்டர்பேஸ் தனக்கென்று எடுக்கிற கொஞ்ச நேரத்தையும் சேர்த்தால், நல்ல டிரைவர் (கருவியையும் விண்டோஸையும் இணைக்கிற மென்பொருள்) உள்ள இன்டர்பேஸில் போய்வர 10 மில்லிசெகனுக்குள் நிற்கும்.

அது எவ்வளவு என்று மேடையை நினைத்துப் பாருங்கள். காற்றில் ஒலி 1 மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிசெகன் எடுக்கும். உங்களுக்கு 3 மீட்டர் தள்ளி இருக்கிற தவில்காரரின் அடி 9 மில்லிசெகன் பிந்தித்தான் உங்கள் காதுக்கு வருகிறது. அதோடு சேர்ந்து பாட யாருக்கும் சிரமம் இருப்பதில்லை. 40 மில்லிசெகன் என்பது 13, 14 மீட்டர் தள்ளி நிற்பது போல. அப்போது தாளம் இழுபடும்.

எனவே பதியும்போது பஃபரை 128க்கு இறக்குங்கள். பதிவு முடிந்து மிக்ஸ் பண்ணும்போது 512க்கோ 1024க்கோ ஏற்றிவிடுங்கள். அப்போது யாரும் பாடவில்லை, பிந்தினால் பரவாயில்லை, மெஷினுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். இன்டர்பேஸ் நிறுவனம் தருகிற, ஒலியை அதிகம் பிந்தாமல் கொண்டுபோகிற ஆசியோ வகை டிரைவரையே பாவியுங்கள். அப்படியொன்று இல்லாத மலிவு இன்டர்பேஸுக்கு மட்டும் ஆசியோ ஃபோர் ஆல் என்ற பொது டிரைவர்.

இன்னும் இலகுவான வழி ஒன்று இருக்கிறது. பல இன்டர்பேஸ்களில் “டிரெக்ட் மொனிட்டர்” என்று ஒரு பொத்தானோ திருகியோ இருக்கும். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே ஹெட்போனுக்கு வரும், பிந்தல் உணரவே மாட்டீர்கள். மென்பொருளில் அந்த ட்ராக்கின் மொனிட்டரிங்கை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். பழைய மெஷினோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் பலருக்கு இந்த ஒரு பொத்தானே போதும்.

இடைக்கிடை டிக் டிக் என்று சத்தம் விழுகிறது. ஏன்?

முதலில் பஃபரைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். 256இல் போய்விட்டால் விடயம் முடிந்தது. போகவில்லையென்றால் ஏதோ ஒரு டிரைவர் குறுக்கே வருகிறது.

அதைப் பிடிக்க லேட்டன்சிமொன் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதைத் திறந்து, பதிவுக்கு எப்படி வைப்பீர்களோ அப்படியே மெஷினை வைத்து, 15 அல்லது 20 நிமிடம் ஓடவிடுங்கள். அதன்பிறகு டிரைவர்கள் பக்கத்துக்குப் போய், கூடுதல் நேரம் எடுத்தது எது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். என்டிஐஎஸ் என்று மேலே வந்தால் அது நெட்வேர்க். டிவைஸ் மனேஜரில் வைஃபையை டிசேபிள் பண்ணிவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். என்வி என்று தொடங்குகிற நீளமான பெயர் என்றால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர். ஏசிபிஐ என்று வந்தால் அது மின்சாரக் கட்டுப்பாட்டோடு சேர்ந்தது, லப்டொப்களில் அடிக்கடி காணலாம். மதர்போர்டின் பயோஸைப் புதுப்பித்தால் சில வேளை சரிவரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

பதிவில் “ம்ம்ம்” என்று தொடர்ந்து ஒரு இரைச்சல் கேட்கிறது.

நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50ம் அதன் இரட்டிப்பான 100ம் தான் நீங்கள் கேட்கிற இரைச்சல். லப்டொப் என்றால் பதிந்துகொண்டிருக்கும்போதே சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் உடனே நின்றால் பிழை ஏர்த்தில் இருக்கிறது. மைக்கில் கை பட்டால் ஷொக் அடிப்பது போல லேசாகச் சுரசுரக்கிறது என்பதும் இதே குறிதான்.

கணினி, ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து வருகிற நல்ல எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். வீட்டின் ஏர்த் கம்பி மண்ணுக்குள் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் பிறகு சேர்த்த அறைகளுக்கு ஏர்த் வயரே இழுக்காமல் விட்டிருப்பதும் உண்டு. கோடை காலத்தில் மண் வரண்டால் ஏர்த்தும் பலவீனமாகும்.

சத்தம் போக வேண்டுமென்று பிளக்கின் ஏர்த் பின்னை மட்டும் ஒருநாளும் வெட்டிவிடாதீர்கள். இரைச்சல் நிற்கலாம். ஆனால் அடுத்த முறை பழுது வரும்போது கரண்ட் மைக் வழியாகப் பாடுகிறவரின் வாய்க்குத்தான் போகும்.

கரண்ட் போனால்? யூபிஎஸ் எது வாங்குவது?

2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இப்போது அப்படியில்லை. ஆனாலும் காற்று அடித்தால், மரம் சரிந்தால், கரண்ட் போய்த்தான் வரும். கரண்ட் போவதை விட, வந்தும் போயும் விளையாடுகிற அந்த ஒரு நிமிடம்தான் டிஸ்கைக் கெடுக்கிறது.

டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் இல்லாமல் வேலை தொடங்காதீர்கள். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரண மெஷினுக்கு 650 விஏ போதும். பாட்டை முடிக்க அது காணாது, சேவ் பண்ணி ஒழுங்காக நிறுத்தத்தான். ஸ்பீக்கரையும் பிரிண்டரையும் அதில் செருகாதீர்கள். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கிற லெட் அசிட் பற்றரி வெக்கையில் சீக்கிரம் சாகும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பற்றரி மாற்றக் காசு ஒதுக்கி வையுங்கள்.

ரீப்பரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேவ் பண்ணுகிற வசதியைப் போட்டு வையுங்கள்.

சோலார் இன்வேர்ட்டரில் ஓடுகிற வீடுகளில், தூய சைன் அலை தருகிற இன்வேர்ட்டரா என்று பாருங்கள். மலிவு வகை படிப்படியான அலையைத் தருவதால் ஒலிக்குள் கீச்சென்ற இரைச்சல் ஏறும்.

இடி மின்னலுக்கு யூபிஎஸ் போதாதா?

போதாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு மேகம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது காணாது, பிளக்கையே சுவரிலிருந்து எடுக்க வேண்டும். ரவுட்டரின் நெட்வேர்க் வயர் கணினியில் இருந்தால் அதையும் கழற்றுங்கள். கரண்ட் வயரை எடுத்துவிட்டு அதை மறந்து மெஷினை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெக்கையும் செம்மண் தூசியும்?

மெஷினை நிலத்தில் வைக்காதீர்கள். ஒரு முழ உயரத்திலாவது, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே கொண்டுபோய் ஃபான்களை ஊதித் துப்புரவாக்குங்கள், ஊதும்போது ஃபான் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாவித்து வாங்கிய மெஷின் என்றால் புரோசசரின் தேர்மல் பேஸ்டைப் புதிதாகப் போடுங்கள். சின்னச் செலவு, பலன் பெரிது. சூடு ஏறினால் புரோசசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதுதான் டிக் சத்தம் தொடங்கும். துணி போட்டு மூடி வைப்பவர்கள் ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள்.

மெஷினின் சத்தமும் சீலிங் ஃபானும் பதிவில் விழுகின்றன.

சீலிங் ஃபானை நிறுத்தித்தான் பதிய வேண்டும், வேறு வழி இல்லை. அதனால்தான் குரல் பதிவுக்கு விடியற்காலை நல்லது. வெக்கை இல்லை, ரோட்டில் வாகனமும் குறைவு. ஆனால் மயில் அகவும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. டெஸ்க்டொப்பைப் பக்கத்து அறையில் வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுக்கலாம். யூஎஸ்பி 2 வயர் 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது.

இணையமே வேண்டாமா?

நிறுவும்போதும் லைசன்ஸ் எடுக்கும்போதும் இணையுங்கள், பிறகு கழற்றுங்கள். புதுப்பிப்புகளை வேலை இல்லாத வாரத்தில், இமேஜ் எடுத்துவிட்டுப் போடுங்கள். திருவிழாப் பாட்டு கொடுக்கவேண்டிய வாரத்தில் ஒன்றும் தொடாதீர்கள்.

இணையம் இல்லாத மெஷினுக்குள் வைரஸ் வருகிற வழி பென் டிரைவ்தான். கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கப் போய்வந்த பென் டிரைவை நேரே இசைக் கணினியில் செருகக்கூடாது. முதலில் வேறு மெஷினில் சோதியுங்கள். இசைக் கணினிக்கென்று ஒரு பென் டிரைவைத் தனியாக வைத்திருங்கள்.

எத்தனை கிலோஹேர்ட்ஸில் பதிவது: 44.1ஆ, 48ஆ, 96ஆ?

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். இப்போது எல்லாப் பாட்டும் கடைசியில் வீடியோவாகத்தான் போகிறது, வீடியோவுக்கு 48 தான் வழக்கம். 96 வைத்தால் கோப்பு இரட்டிப்பாகும், மெஷினின் சுமையும் ஏறத்தாழ அப்படியே.

நாதஸ்வரம், தவில் பதிவதற்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

ஓம். நாதஸ்வரம் திறந்த வெளிக்குச் செய்த வாத்தியம். சின்ன அறைக்குள் வாசித்தால் சுவரெல்லாம் திரும்பி அடிக்கும். கோவில் மண்டபத்திலோ மரத்தடியிலோ வைத்து, மைக்கை ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். தவிலின் அடி திடீரென்று ஏறும். சாதாரணமாக வாசிக்கும்போது மென்பொருளின் ஒலி மீட்டர் மைனஸ் 18 டெசிபலுக்குப் பக்கத்திலும், உரத்த அடியில் மைனஸ் 6ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். 24 பிட்டில் மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். வெடித்துப் பதிந்ததைத் திருத்த முடியாது.

சுருதி விடயத்தில் கவனம் தேவை. 1 கட்டை என்பது கீபோர்டின் சி, 2 கட்டை டி, 2½ கட்டை டி ஷார்ப், 5 கட்டை ஜி. ஆனால் நாதஸ்வரம் சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு) வெக்கைக்கும் ஏற்பக் கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கும். வித்துவானைக் கீபோர்டுக்குச் சேரச் சொல்லாதீர்கள். அவர் வாசிப்பைக் கேட்டு, மென்பொருளில் உங்கள் வாத்தியங்களின் ட்யூனிங்கைச் சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றியோ இறக்கியோ நீங்கள் அவரோடு சேருங்கள்.

கீபோர்டில் கமகம் வரவில்லை என்பவர்கள் பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கிற சக்கரம்) அளவைப் பாருங்கள். வழக்கமாக அது மேலே 2, கீழே 2 அரைச்சுரம் என்றுதான் இருக்கும். அதை 12க்கு மாற்றிப் பழகினால் கை பழகப் பழக இழைப்பு வரும்.

லினக்ஸ், மாக்?

மாக் நன்றாக ஓடும், ஆனால் வாங்கிய பிறகு ரேமையும் டிஸ்கையும் கூட்ட முடியாது, திருத்துவதென்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டி வரலாம். லினக்ஸில் உபுண்டு ஸ்டூடியோவும் ஆர்டரும் இருக்கின்றன, ரீப்பரும் ஓடும். பொறுமை உள்ளவர்கள் முயன்று பாருங்கள்.

ஊருக்குள் போய் பெரியவர்களின் பாட்டைப் பதிய ஆசை. இந்த மெஷின் போதுமா?

போதும், உடனே போங்கள். மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் எனக்கு முக்கியம். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துப் பாட்டு, அருவிவெட்டுப் பாட்டு, வற்றாப்பளை அம்மனுக்குப் பாடுகிற சிந்துகள், தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பெரும்பாலும் வயதானவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் ஏடும் கொப்பியும் கசற்றும் போய்விட்ட குடும்பங்கள் எத்தனையோ. நல்ல மைக் வாங்கியபிறகு, அறை கட்டியபிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். பற்றரி நிறைந்த லப்டொப், இரண்டு மைக் இன்டர்பேஸ், ஒரு டைனமிக் மைக், இரண்டு வயர், ஸ்டாண்ட், இவ்வளவும் ஒரு பைக்குள் அடங்கும்.

போனதும் மைக்கை நீட்டாதீர்கள். தேத்தண்ணி குடித்து, கதைத்து, அவர்களாகப் பாடத் தொடங்கும்வரை இருங்கள். பதிகிறோம் என்பதையும், எதற்கு என்பதையும் சொல்லி அனுமதி கேளுங்கள். ஒரு மைக் பாடுகிறவருக்கு, இரண்டாவது மைக் இருந்தால் தாளம் போடுகிறவருக்கு. மெட்ரோனோம் வேண்டாம், அவர்களின் நடைக்கே விடுங்கள். பாட்டுக்கு நடுவில் சொல்கிற கதையையும் நிறுத்தாமல் பதியுங்கள். இடம் பற்றிக் கவலை வேண்டாம்: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்குள்தான், இரண்டு மைக்கில் இரண்டு மணித்தியாலம் பதிந்தாலும் ஏறத்தாழ 2 ஜிபி.

பதிந்ததை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பிரதி. ஒன்று கணினியில், இரண்டாவது வெளி டிஸ்கில், மூன்றாவது வேறொரு வீட்டில் இருக்கிற டிஸ்கில். ஒரே வீட்டுக்குள் மூன்று வைத்தால் வெள்ளத்துக்கும் கள்ளனுக்கும் அது ஒன்றுதான். மாரியில் வெளி டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். இணையத்தில் ஏற்றுவதென்றால் இரவு டேட்டா இருக்கும்போது, எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பதிவின் ஃபோல்டருக்குள்ளும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கட்டும். பாடியவரின் பெயர், ஊர், இப்போதைய இடம், யாரிடம் படித்தார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது, பதிந்த தேதி, எதற்கெல்லாம் பாவிக்க அவர் சம்மதித்தார் என்பதை அன்றைக்கே எழுதுங்கள். பாடியவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அவர்களிடம் கணினி இராது, அதனால் பேரப்பிள்ளையின் போனில் ஏற்றி, அது ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.